ஜம்புநாதன் சார் கம்ப்யூட்டர் வாங்கிய கதை

ஜம்புநாதன் சார் மூன்று கொட்டேஷன் இல்லாமல் எதையும் வாங்கமாட்டார். மராத்தி பேசும் ஊரான தாபோடியில் ராணுவத்துக்குச் சாமான் வாங்கித் தரும் டிப்போ ஒன்றில் அவர் கொள்முதல் பிரிவு சூப்பரிண்டெண்ட், நான் அவருக்குக் கீழே கிளார்க். பதினோரு வருஷம் அவருக்கு எதிரே உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அவ்வளவு நல்ல மனுஷரையும் அவ்வளவு கழுத்தறுப்பையும் ஒரே நாற்காலியில் நான் பார்த்ததில்லை.

எங்கள் வேலை இதுதான். ஆணியோ லாரி டயரோ, மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும். கட்டம் போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் எழுத வேண்டும். தேறியவனுக்கு ஆர்டர். நாங்களெல்லாம் இந்தப் பழக்கத்தை ஐந்தரை மணிக்கு இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புவோம். சார் டிபன் டப்பாவோடு அதையும் வீட்டுக்கு எடுத்துப்போவார். மிக்ஸிக்குப் பட்டியல், கட்டிலுக்குப் பட்டியல். மகள் ரமா தானாகவே ஒரு பையனைப் பார்த்து, இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது சார் இரண்டு நாள் தூங்கவில்லை. ஒரே ஒரு கொட்டேஷன்! மூன்றாம் நாள் விதிப் புத்தகத்தில் வழி கிடைத்தது. "வேறு எவராலும் சப்ளை செய்ய இயலாத பொருள்" என்று சான்று எழுதினால் ஒற்றைக் கொட்டேஷன் செல்லும். மாப்பிள்ளைக்கு அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போனது. அந்தக் காகிதத்தை நான் கண்ணால் பார்த்தேன்.

2002-இல் ரமா நியூ ஜெர்சியில் உண்டாகியிருந்தாள். சாருக்கும் அவர் மனைவி விசாலம் மாமிக்கும் விசா கிடைக்கவில்லை. மாமி ஒரு வாரம் அழுதுகொண்டே இருந்தாள்.

"அழாதே விசாலம். கேமரா வெச்ச கம்ப்யூட்டர் வாங்கிடறேன். ஆத்துலேர்ந்தே கொழந்தையைப் பார்க்கலாம். பொறக்கறதுக்குள்ள வந்துடும்" என்று சார் வாக்குக் கொடுத்தார்.

அது ஆகஸ்ட். குழந்தை ஜனவரியில். ஐந்து மாதம் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் எங்கள் பிரிவில் வேலை பார்த்ததில்லை.

பெட்டிக்கு மூன்று கொட்டேஷன் பத்தே நாளில் வந்துவிட்டது. அதோடு முடிந்திருக்க வேண்டும். திலக் ரோடு கடைக்காரன் சும்மா இருக்காமல், "காகா, ஆபரேட்டிங் சிஸ்டம் கோணதி டாகூ?" என்றான். எதைப் போடட்டும் என்கிறான். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து அதை நடத்துகிற புரோகிராம் ஒன்று உண்டு, அதிலும் ரகங்கள் உண்டு என்பது சாருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் முகம் மலர்ந்தது.

சர்க்கார் காகிதத்தில் சொந்த வேலை கூடாது என்று தன் காசில் நீளத்தாள் வாங்கி வந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எழுதினோம். கட்டம் போட்டது நான். விண்டோஸ் 98, விண்டோஸ் எக்ஸ்பி, லினக்ஸ். மேக் என்று இன்னொன்று இருப்பதைக் கேள்விப்பட்டு விலை விசாரிக்கப் போனார். திரும்பி வந்து இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார். அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

98 முதல் சுற்றிலேயே போயிற்று. "நாலு வருஷத்துப் பழசைப் புதுசுன்னு எவனாவது வாங்குவானா?" என்று சிவப்பு மையில் "தகுதியற்றது" என எழுதி அடிக்கோடும் போட்டார்.

லினக்ஸ்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. அது இலவசம். மாடி வீட்டு சேவியர், சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர், அதன் பரம பக்தர்.

"சும்மா குடுக்கறான்னா சந்தேகமா இருக்கே, சேவியர். நாளைக்கு ரிப்பேர்னா யாரைக் கூப்பிடறது?"

"அதுக்கு முதலாளின்னு யாரும் கெடையாது சார். உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதுறாங்க."

"சரி. அதுல பொறுப்பான ஒருத்தர் விலாசம் குடுங்கோ. உத்தரவாதம் கேட்டு லெட்டர் போடறேன்."

சேவியர் தலையைச் சொறிந்தார். போதாக்குறைக்கு, லினக்ஸிலேயே பத்துப் பதினைந்து வகை இருப்பதாகவும் உளறிவிட்டார். அவ்வளவுதான், லினக்ஸுக்குள்ளே ஒரு கிளைப்பட்டியல் முளைத்தது. தீபாவளி போயிற்று, பொங்கல் வந்தது. பொங்கலுக்கு மூன்றாம் நாள் பேத்தி வைஜயந்தி பிறந்தாள். கம்ப்யூட்டர் மேஜை மட்டும் வந்திருந்தது, மாமி அதன்மேல் ஊறுகாய் ஜாடிகளை வைத்திருந்தாள்.

தபாலில் வந்த குழந்தைப் படத்தைச் சார் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். ஒருநாள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "வாக்குத் தவறிட்டேன், பாஸ்கர்" என்றார். படத்தைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டே, "ஆனா அவசரத்துல தப்பா வாங்கிட்டா? முப்பது வருஷத்துல ஒரு ஆடிட் அப்ஜெக்‌ஷன் வாங்கினதில்லே நான்" என்றார். மனுஷருக்கு உண்மையிலேயே பயம். எனக்குப் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

மாமி ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். சனிக்கிழமை தவறாமல் சாயங்காலம் மாருதி கோயிலுக்குப் போய்விட்டுச் சிரித்த முகத்தோடு வருவாள். "அவளுக்குப் பக்தி முத்திடுத்து" என்று சார் பெருமைப்பட்டார்.

மே மாதம் பட்டியலில் எக்ஸ்பியும் லினக்ஸும் ஆளுக்கு நாற்பத்தொரு மதிப்பெண்ணில் வந்து நின்றன. சமநிலை என்றால் விதிப்படி உபயோகிப்பவர் சோதனை. ஜவான் காலில் மாட்டி நடந்து பார்க்காமல் நாங்கள் பூட்ஸ் வாங்குவதில்லை. ஸ்டேஷன் பக்கத்தில் முகமது இஸ்மாயில் நடத்தும் பிரௌசிங் சென்டரில் இரண்டு வகையும் இருப்பதாக சேவியர் சொன்னார். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பட்டியலோடும் ஸ்டாப் வாட்ச்சோடும் போனோம்.

இஸ்மாயில் கடையநல்லூர்க்காரர். தமிழ் கேட்டதும் எழுந்து வந்தார். "உக்காருங்க சார், எந்த மெஷின் வேணும்னாலும் பாருங்க. மூணாம் நம்பர் மட்டும் காலி இல்ல. சனிக்கெழம ஏழு மணின்னா அது நம்ம மாமி சீட்டு."

பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "வைஜுக்குட்டி, என் பட்டு, பாட்டியைப் பாரு! யாருக்கு சிரிக்கறே நீ?"

சார் எட்டிப் பார்த்தார். காதில் ஹெட்போனோடு விசாலம் மாமி. திரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படம், அதில் விட்டு விட்டு அசைகிற குழந்தை, பொக்கை வாயைத் திறந்து மாமியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா?" என்றார் சார்.

"கொழந்தை பொறந்த மூணாம் வாரத்துலேர்ந்து."

"எங்கிட்ட சொல்லலியே?"

"சொன்னா இந்தக் கடைக்கும் மூணு கொட்டேஷன் கேப்பேள்."

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமி எழுந்து அவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டாள். குழந்தை அவரை உற்றுப் பார்த்தது. உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுதது.

"புது மொகம்னா அழுவாப்பா. அம்மா பழகினவ, அதான்" என்று ரமா அந்தப் பக்கம் கத்தியது எங்களுக்கே கேட்டது.

சார் ஹெட்போனைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் இல்லை. "புது மொகமா நான்?" என்றார். அப்புறம், பழக்கம் விடாதே, "இதுல என்ன சிஸ்டம் போட்டிருக்கீர்?" என்று கேட்டார்.

"98 சார். பழசுதான்" என்றார் இஸ்மாயில்.

சார் சிவப்பு அடிக்கோட்டைப் பார்த்தார். மாமி பட்டியலை அவர் கையிலிருந்து வாங்கினாள். "வாங்கினது திருப்தியா இருந்தா ஆறு மாசத்துக்குள்ள கொட்டேஷன் இல்லாமலே ரிப்பீட் ஆர்டர் போடலாம்னு சொல்வேளே. நான் பதினாலு வாரமா பார்க்கறேன், திருப்தி. போடுங்கோ."

முப்பது வருஷமாக அவர் புலம்பியதையெல்லாம் அவள் காதில் வாங்கியிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சார் பேனாவைத் திறந்து, "உபயோகிப்பவர் சோதனை முடிந்தது. சோதித்தவர்: விசாலம். 98 ஏற்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை லீவு போட்டுத் திலக் ரோட்டுக்குப் போனார். ஊறுகாய் ஜாடிகள் சமையலறைக்குத் திரும்பின.

அடுத்த சனிக்கிழமை வீட்டிலேயே குழந்தை அவரைப் பார்த்து மறுபடி அழுதது. அதற்கடுத்த சனிக்கிழமை அழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தது, பிறகு வாயைத் திறந்து சிரித்தது.

திங்கட்கிழமை ஆபீஸில் நான் உட்காருவதற்குள் சார் ஆரம்பித்துவிட்டார். "மூணு தடவை பார்த்துட்டுத்தான் என்னை ஒத்துண்டா, பாஸ்கர். என் பேத்தியாக்கும்!"