நல்லரெத்தினத்தின் பொன்னிறக் கேன்

கொக்கட்டிச்சோலைப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் பலர். ஆனால் காருக்குள் என்ஜின் ஒயில் கேனைச் சாமிப்படம் போல வைத்திருப்பவர் நல்லரெத்தினம் ஒருவர்தான். பின் கண்ணாடியோரம், பின்னால் வருகிற எவன் கண்ணிலும் படும்படி அது நிற்கும். பொன்னிறம். அதில் பறக்கும் கழுகின் படமும் யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தும் இருந்தன. தினமும் காலையில் காரின் முகப்பைத் துடைக்கிற துணியால் அதையும் ஒருமுறை துடைப்பார்.

அவர் துடைத்து முடிக்கும்போது அவருடைய மனைவி சுலோஜனா சமைத்து முடித்திருப்பாள். சோறு, மூன்று கறி, ஒரு சுண்டல், பொரியல். எல்லாவற்றையும் பார்சலாகக் கட்டி அவளே காரில் அடுக்குவாள். மட்டக்களப்பிலே மாவட்ட அலுவலகமான கச்சேரியிலும் மற்றக் கந்தோர்களிலும் அவளுடைய சோற்றுக்குக் காத்திருக்கிறவர்கள் இருந்தார்கள். வீட்டில் உலை கொதிப்பது அந்தச் சோற்றால்தான். நல்லரெத்தினத்தின் வேலை காரை ஓட்டுவது. யாராவது கேட்டால், "மனிசிக்குச் சும்மா ஒரு உதவி" என்பார்.

சும்மா உதவுகிறவருக்குக் கோயில் வண்ணக்கர் பதவியில் ஒரு கண். நிர்வாகத்தில் ஒருவராக, வேட்டியும் சால்வையுமாக முன்வரிசையில் நிற்க வேண்டும். ஊர் இன்னும் அவரைத் தெரிவு செய்யவில்லை. அவர் தன்னைத் தெரிவு செய்து முடித்திருந்தார். அதற்கேற்ப வெள்ளைச் சட்டை, அதற்கேற்ப நடை, அதற்கேற்ப ஒயில்.

"என்ஜின் எண்டா மனிசன்ட ஈரல் மாதிரி," என்று சந்தியில் நின்று சொல்வார். "கண்டதையும் அதுக்குள்ள ஊத்தேலாது."

அவருடைய சொந்த ஈரலுக்குள் பின்னேரங்களில் என்ன ஊற்றப்பட்டது என்பது கேட்டு நின்றவர்களுக்கும் தெரியும்.

உண்மை இதுதான். அந்த விலை கூடிய ஒயிலை அவர் வாங்கியது ஒரே ஒரு தடவை, கார் வந்த புதிதில். அதன்பிறகு கேன் மாறவில்லை, உள்ளே இருப்பதுதான் மாறியது. ஒயில் மாற்றும் நாள் நெருங்கினால், வழியில் ஒரு தகரக் கடையோரம் காரை நிறுத்துவார். "ஒரு ஆளக் கண்டிட்டு வாறன்" என்று கேனைப் பழைய சாரத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். சாரத்தில் சுற்றியபடியே திரும்பி வருவார். சுலோஜனா காருக்குள் தலை குனிந்துதான் இருப்பாள். ஆனால் பக்கக் கண்ணாடியில் கடையின் பின்புறம் தெரியும். அங்கே ஒரு நீலப் பீப்பா, அதில் ஒரு குழாய். ஒரு தடவை வீட்டுக்கு வந்ததும் கேனின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனாலும் ஒருமுறை சூடு கண்ட எண்ணெயின் மணம், அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் தெரியும். யாரோ தங்கள் வண்டியிலிருந்து கழித்துவிட்ட கறுப்பைக் கடைக்காரன் வடித்து விற்கிறான். வாங்குகிறவர் அதைப் பொன்னிறக் கேனில் ஊற்றிக்கொண்டு வருகிறார்.

ஒருநாள் பார்சல்களோடு மண்முனைப் பாலத்தில் போய்க்கொண்டிருக்கையில் ஒயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. என்ஜின் தகரப் பேணிக்குள் கல் போட்டுக் குலுக்குகிற மாதிரிச் சத்தம் போட்டது.

"லைற் பழுது," என்று நல்லரெத்தினம் அந்த விளக்கின்மேல் விரலால் தட்டினார்.

பாலம் தாண்டி இஷாமின் கராஜ் வரைக்கும் எப்படியோ போனது. இஷாம் என்ஜினுக்குள் குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தான், முகத்தைச் சுளித்தான். நல்லரெத்தினம் கைத்தொலைபேசியோடு வீதிக்குப் போன நேரம் பார்த்து அவளிடம் வந்தான்.

"அக்கா, கோவிக்காதீங்க. இது ஒயில் இல்ல, சாம்பல் தண்ணி. இப்ப கொஞ்சம் ஊத்தி ஓட வெச்சி விடுறன். அடுத்த மாத்தலுக்கும் இதையே கொண்டு வந்தா என்ஜின் இறுகிப் போகும். மறுகா காரக் கோழிக்கூடாத்தான் பாவிக்கலாம்."

"அப்ப விலை கூடினதா வாங்க வேணும்?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஆரு சொன்ன? கடையில பச்சக் கேன் ஒண்டு இரிக்கி. இரிக்கிறதுக்குள்ள மலிவு. உங்கட என்ஜின் மூடியில ஒரு இலக்கம் அடிச்சிரிக்கி, அதே இலக்கம் கேன்லயும் இரிந்தாக் காணும். சீல் உடையாம இரிக்கோணும். நேரத்துக்கு மாத்தோணும். இந்தக் காருக்கு அது தாராளம்."

அவள் மூடியிலிருந்த இலக்கத்தைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டாள். கார் நின்றால் அவளுடைய அடுப்பும் நின்றுவிடும். பஸ்ஸில் சோற்றுப் பார்சல்களை அடுக்கிக்கொண்டு போக முடியாது. கச்சேரிக்காரர்கள் ஒருநாள் பார்ப்பார்கள், மறுநாள் எதிர்க்கடையில் சாப்பிடப் போய்விடுவார்கள்.

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னாள்.

"பச்சக் கேனா?" நல்லரெத்தினம் துள்ளினார். "அது ஆட்டோக்காரனுகள் ஊத்திறது புள்ள! அதோட நான் கராஜில நிண்டா நாலு பேர் என்ன சொல்லுவான்? கோயில் தெரிவு வருகுது."

"கேனப் பாத்தா வண்ணக்கர் ஆக்கிறாங்க?"

"உனக்கு இதெல்லாம் விளங்காது."

சுலோஜனா மறுநாள் சோற்றுக்கு அரிசி அளக்கப் போனாள்.

ஒயில் மாற்றுவதற்கு முதல் நாள் அவர் வழக்கம்போல ஆளைக் கண்டுவிட்டு வந்தார், சாப்பிட்டார், குறட்டை விட்டார். சுலோஜனா கடைக்குப் போனாள். ஆண்கள் எல்லாரும் போகும்வரை வெளியே நின்றாள். பிறகு உள்ளே போய் இலக்கத்தைச் சொல்லிப் பச்சைக் கேனை வாங்கிக்கொண்டு வந்தாள். பொன்னிறக் கேனில் இருந்ததை வாளியில் கொட்டி, கேனைக் கடைசிச் சொட்டு வடியும்வரை கவிழ்த்து வைத்தாள். பிறகு பச்சைக் கேனிலிருந்த ஒயிலை அதற்குள் ஊற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள். வாளியில் இருந்ததைத் தேங்காய்ப் பொச்சில் தொட்டு வேலிக் கட்டைகளுக்குப் பூசினாள்.

நித்திரையால் எழும்பி வந்தவர் வேலியைப் பார்த்தார். "பழைய ஒயிலா? நல்ல வேலை செஞ்சிரிக்காய். கறையான் கிட்ட வராது."

மறுநாள் கராஜில் சுலோஜனாவின் சித்தி மகன் சிவதர்ஷன் நின்றான். வங்கியில் வேலை செய்கிறவன், வாய்க்காரன். அவனோடு இன்னும் நாலைந்து பேர். நல்லரெத்தினம் எப்போதும் தானேதான் ஒயில் ஊற்றுவார், புனலை முதுகால் மறைத்துக்கொண்டு. இந்தமுறை சிவதர்ஷன் புனலுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டான்.

"அத்தான், ஊரெல்லாம் கதைக்கிற அந்த ஒயில எங்கட கண்ணுக்கும் ஒருக்காக் காட்டுங்க."

"தள்ளி நில்லுங்க தம்பி. இது வெயில் பட்டா குணம் கெட்டுப் போகும்."

"அப்ப ஏன் அத்தான் வருசம் முழுக்கக் கண்ணாடியோரம் வெயில்ல காய வெச்சிரிக்கீங்க?"

நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர்கள் காத்திருந்தது இதற்காகத்தான். ஒருவன் கைத்தொலைபேசியைக்கூட எடுத்துப் பிடித்தான். நல்லரெத்தினத்தின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியது. கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இண்டைக்கு வேணாம், நாள் சரியில்ல" என்றார்.

காருக்குள் இருந்த சுலோஜனா இறங்கி வரவில்லை. இஷாமைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். இஷாம் கேனை அவர் கையிலிருந்து பிடுங்கி, மூடியைத் திறந்து ஊற்றினான்.

தேன் நிறத்தில், வெயிலில் மினுங்கிக்கொண்டு இறங்கியது.

சிரிப்பு நின்றது. எல்லாரையும்விட அதிகமாக வாய் பிளந்து நின்றவர் நல்லரெத்தினம்தான். ஆனால் அது கொஞ்ச நேரந்தான். கழுத்து நிமிர்ந்தது.

"பாத்தியா? நான் சொன்னா ஒருத்தனும் நம்பிறானில்ல. ஒயில் எண்டா இது!"

திரும்பி வரும்போது என்ஜின் சத்தமில்லாமல் ஓடியது. விளக்கும் எரியவில்லை. பாலத்தில் ஏறியதும் அவர் சந்தோசம் தாங்காமல் வாயை விட்டார்.

"அந்தக் கடைக்காரன் நல்ல மனிசன் புள்ள. இந்தமுறை நல்ல சாமானாத் தந்திரிக்கான்."

"எந்தக் கடைக்காரன்?"

"இல்ல... அந்த வெளிநாட்டுக் கொம்பனிக்காரனச் சொன்னன்."

சுலோஜனா வாவியைப் பார்த்தபடி சொன்னாள். "ஊத்தினது பச்சக் கேன். உங்கட ஒயில் வேலிக் கட்டையில இரிக்கி."

வீடு வந்தது. இறங்கியதும் அவர் வேலிக் கட்டையை விரலால் தொட்டு மணந்து பார்த்தார். விரலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் பொன்னிறக் கேன் கண்ணாடியோரம் பழைய இடத்திலேயே நின்றது, துடைத்தபடி. சந்தியில் ஈரலைப் பற்றிய பேச்சும் நிற்கவில்லை. இப்போது சிவதர்ஷனே சாட்சி என்று வேறு சொல்லித் திரிந்தார்.

ஆனால் திரும்ப ஒயில் மாற்றும் நாள் நெருங்கியபோது அவர் எந்த ஆளையும் காணப் போகவில்லை. ஒரு காலையில் சுலோஜனா குசினிக் கதவைத் திறந்தாள். வாசலில் பொன்னிறக் கேன், வெறுமையாக, மூடி கழற்றி வைத்தபடி. அப்போதும் பளபளவென்று துடைத்துத்தான் வைத்திருந்தார்.