போனில் கத்திய கானாங்கோழி

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நானே மூன்று நான்கு வருடங்களாகச் சொல்லாமல் வைத்திருந்த கதை இது. மனம் ஆறிவிட்டதால் இப்போது சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். போன கிழமை டவுனிலிருந்து ஒரு சொந்தக்காரர் வந்தார். முற்றத்தில் கால்மேல் கால் போட்டு இருந்துகொண்டு, முந்தி இந்தப் பக்கம் கானாங்கோழி நல்லாகக் கிடைக்குமே, இப்போது ஏன் இல்லை என்று கேட்டார். ஊரடங்கு காலத்தில் எங்களிடம் ஆகக் கூடுதலாக வாங்கித் தின்றவர் அவர்தான். தேநீர்க் கோப்பையைக் கையிலிருந்து பிடுங்கலாம் போலிருந்தது. சீனி போடாமல் கொடுத்ததோடு விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டின் பின்வேலியைத் தாண்டினால் பன் என்கிற கோரைப் புல் ஆளுயரம் வளர்ந்த சதுப்பு. அதற்கு அப்பால் வாவி. இடது கைப்பக்கம் பழுகாமத்து வட்டை, வயல்வெளி தொடங்கிவிடும். கறுத்த முதுகும் வெள்ளை நெஞ்சுமாக, குட்டை வாலை ஆட்டி ஆட்டி நடக்கும் கானாங்கோழிகள் அந்தப் பன்னுக்குள்தான் கூடு கட்டும். மழைக்காலத்தில் விடிய முன்னே தொடங்கிவிடும் அவற்றின் கத்தல். ஒன்று தொடங்கினால் பத்து பதில் சொல்லும். நித்திரை கெட்டு, இவை செத்துத் தொலையாதா என்று நானே திட்டியிருக்கிறேன். என் வாயில் சனி இருந்திருக்க வேண்டும்.

நோய்க்கு முந்திய வருடத்து வெள்ளாமை வெட்டில், மெசின் போக முடியாத சேற்று மூலையைக் கையால் வெட்டப் போனார் என் வீட்டுக்காரர். அவர் மேசன். கல்லடியில் வீடு கட்டும் வேலைக்குத்தான் போவார், வெட்டுக் காலத்தில் மட்டும் வயலுக்குப் போவார். அந்த மூலையில் ஒரு கானாங்கோழிக் கூடு இருந்தது. மெசின் சத்தத்தில் தாய் ஓடிவிட்டதாம். ஐந்து முட்டைகளைத் தலைப்பாகைத் துணியில் பொதிந்து கொண்டுவந்தார். பொரிக்கலாம் என்று சட்டியை எடுத்தவர்தான். என் சிவப்புப் பெட்டைக்கோழி அந்த நேரம் அடைகிடந்தது. நான் முட்டைகளைப் பறித்து அதற்குக் கீழே வைத்தேன்.

இரண்டு பொரித்தன. ஒன்றைக் காகம் கொண்டுபோனது. மற்றது பெட்டையின் பின்னாலேயே ஓடித் திரிந்து வளர்ந்தது. கானாங்கோழியில் ஆணையும் பெண்ணையும் பார்த்துப் பிரிக்க முடியாது. நான் அதைப் பெண் என்றே வைத்துக்கொண்டேன். பகல் முழுக்கப் பன்னுக்குள் மேயும். பொழுதுபட நான் "பா, பா" என்று கூப்பிட்டால் வேலிக்குக் கீழால் நுழைந்து ஓடிவந்து கோழிக்கூட்டுக்குள் ஏறும். வேறு யார் கூப்பிட்டாலும் வராது. யாரும் காட்டுக்கோழி என்று பிடித்துவிடக் கூடாது என்று அதன் காலில் சிவப்பு நூல் கட்டிவிட்டேன். அதைப் பார்த்தால் ஊரில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவுக்குள், அந்த நியாயம் உண்டு. ஒருவர் வளர்த்தது இன்னொருவர் கையால் தவறிச் செத்தால், இறைச்சி வளர்த்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஒருமுறை எங்கள் நாய் பக்கத்து வீட்டுச் சேவலைக் கடித்துக் கொன்றது. நான் சண்டை வரும்வரை நின்றுகொண்டிருக்கவில்லை. உரித்து, கழுவி, மஞ்சள் பூசிச் சட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வீட்டு மச்சாள் ஒரு சொல் பேசாமல் வாங்கிக்கொண்டா. அதை ஊர் முழுக்க நல்ல பழக்கம் என்று மெச்சினார்கள். எனக்கும் பெருமைதான்.

பிறகு நோய் வந்தது, ஊரடங்கு வந்தது. பாலத்தில் பொலிஸ் நின்றது. கல்லடி வேலை நின்றது. தோணி உள்ளவன் மீன் பிடித்தான். எங்களிடம் தோணி இல்லை. கொடுத்த நிவாரண மாவை ரொட்டியாகவும் பிட்டாகவும் தின்று முடித்த கிழமையில்தான் அந்தக் குரல் பதிவு எல்லோருடைய போனிலும் சுற்றியது. கானாங்கோழி இறைச்சி நெஞ்சுச் சளியைக் கரைக்குமாம், அதைத் தின்றவனுக்கு நோய் அண்டாதாம். பேசியவன் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் டவுனில் மாதச் சம்பளம் நிற்காமல் வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் நம்பினார்கள். இருக்கிறதா, இருக்கிறதா என்று போனில் கோல். அரிசி தருகிறோம், பருப்பு தருகிறோம், பால்மா தருகிறோம் என்றார்கள்.

காட்டுப் பறவை பிடிப்பது குற்றம் என்று சட்டம் இருக்கிறது. பொலிஸ் ஜீப் சந்தியில் நின்று முகக்கவசம் பார்த்துக்கொண்டிருந்தது. பன்னுக்குள் யார் வருவார்கள்?

வீட்டுக்காரர் தங்கூசி நரம்பில் கண்ணி கட்டினார். இரண்டு நாள் ஒன்றும் விழவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து நின்றார். எங்கள் கானாங்கோழியைக் கூண்டில் வைத்தால் அது கத்தும், மற்றவை வரும் என்றார். நான் கத்திய கத்தலில் ஒழுங்கையே கேட்டிருக்கும். அவர் கோபிக்கவில்லை.

"உன்ட சத்தத்துக்குத்தான் அது வரும். நீயே கொண்டு வா கா. அதுக்கு ஒண்டும் ஆகாது, நான் பொறுப்பு."

கொண்டுபோனேன். "பா, பா" என்று கூப்பிட்டு, ஓடிவந்ததை நானே தூக்கிக் கூண்டுக்குள் விட்டேன். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். உண்மையைச் சொன்னால் எங்களுக்குப் பசி ஒரு கிழமைதான். அதற்குப் பிறகு பிடித்ததெல்லாம் பால்மாவுக்கும் அவர்கள் "கெட்டிக்காரர்" என்று சொன்னதற்கும்தான்.

விடிய அது கத்தத் தொடங்கியதும் பன் அசைந்தது. வேறொரு பறவை தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று விரட்டத்தான் அவை வரும். முட்டையும் குஞ்சும் உள்ளவைதான் முந்தி வரும். அதை நான் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒருநாள் கண்ணியில் சோடியாக இரண்டு கிடந்தன. சற்றுத் தள்ளிப் பன் அடியில் கறுப்புக் குஞ்சுகள் நாலைந்து, பஞ்சு உருண்டைகளாக, தாயைத் தேடிக் கீச்சிட்டன. மறுநாள் போனேன், ஒன்றும் இல்லை. அன்றைக்கும் இறைச்சி வெட்டியது நான்தான்.

மூன்றாம் கிழமை என் கானாங்கோழி கூண்டுக் கம்பியில் மோதி நெற்றி உரிந்து வந்தது. இனிக் கூண்டுக்குள் வைப்பதென்றால் என்னை வைத்துக் கொண்டுபோங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர், கேட்டார். அடுத்த நாள் விடிய, அது வேலியடியில் நின்று கத்தியபோது போனைப் பக்கத்தில் பிடித்துப் பதிவு செய்தார். இனி இது போதும், உன் கோழியை நீயே வைத்துக்கொள் என்றார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அன்றிரவு நிம்மதியாகப் படுத்தேன்.

அந்தப் பதிவை அவர் ஒரு கூட்டாளிக்கு அனுப்பினார். ஒரு கூட்டாளிக்குத்தான். நாலு நாளில் வாவிக்கரை முழுக்க என் கோழி கத்தியது. போனைப் பொலித்தீன் பையில் கட்டிப் பன்னுக்குள் தொங்கவிட்டுவிட்டு ஆட்கள் வீட்டில் போய் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மீன் சட்டியையே தொடாத வீடுகளிலும் இறைச்சி வாசம் வந்தது; மருந்துக்குத் தானே, குற்றமில்லையாம். எங்கள் வீட்டில் இரண்டு கோழி, மூன்று கோழி என்று நின்றது, மற்றவர்களிடம் சாக்குச் சாக்காகப் போனது. நாங்கள் சொல்லிக் கொடுத்ததுதான்.

ஊரடங்கு எடுத்தார்கள். வீட்டுக்காரர் வேலைக்குப் போனார். மாரி வந்தது. விடிய முன் எழும்பிப் படுக்கையில் கிடந்தபடி காது கொடுத்தேன். என் கோழி மட்டும் கத்தியது. நிறுத்தி, பதிலுக்கு நின்று, திரும்பவும் கத்தியது. நாள் முழுக்க அப்படி. உரத்தில் நஞ்சு என்றான் ஒருவன், காலநிலை மாறிவிட்டது என்றான் இன்னொருவன். தின்ற வாய்கள் எல்லாம் காரணம் சொல்லின. எனக்கு அவர்கள் வாயில் கொள்ளி வைக்கலாம் போலிருந்தது. என் வாய்க்கும் சேர்த்துத்தான்.

இனி அந்த ஒன்றையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். நூலைப் புதிதாக மாற்றினேன். பொழுதுபட நானே கூட்டுக் கதவைப் பூட்டுவேன், விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் திறப்பேன். கண்ணிக்காரர் வேலை விடிய முன்னேதான் என்பதால்.

அடுத்த வருடம் பயணத்தடை போட்டபோது எங்கள் இருவருக்குமே நோய் வந்தது. வாசல் படலையில் தனிமைப்படுத்தல் என்று கடதாசி ஒட்டினார்கள். காய்ச்சலில் நாலைந்து நாள் எனக்கு இரவும் பகலும் தெரியவில்லை. கூட்டுக் கதவை யார் பூட்டினார்கள், யார் திறந்தார்கள்? ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டு மச்சாள் நாள்தோறும் சோறு சமைத்து வேலிக்கு மேலால் வைத்துவிட்டுப் போவா. அந்த நன்றியை மறக்க மாட்டேன். ஒருநாள் சோற்றோடு ஒரு சட்டி இறைச்சிக் கறியும் வந்தது. எனக்கு அந்த நேரம் வாயில் ருசியும் இல்லை, மூக்கில் மணமும் இல்லை. உப்பா உறைப்பா என்றுகூடத் தெரியாமல், உடம்பு தேற வேண்டுமே என்று மென்று விழுங்கினேன். மரியாதைக்காகக் கோல் எடுத்து, கறி நல்ல ருசி மச்சாள் என்று சொன்னேன்.

கடதாசியைக் கிழித்த அன்று பொழுதுபட வேலியில் நின்று "பா, பா" என்று கூப்பிட்டேன். மற்றக் கோழிகள் வந்தன. இருட்டும்வரை கூப்பிட்டேன். மச்சாள் தன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா. கடைசியில் வேலிக்கு வந்தா. கையில் மடித்த கடதாசித் துண்டு, அதற்குள் என் சிவப்பு நூல்.

அவ புருசன் பின்வேலிக்கு அப்பால் பன்னுக்குள் போன் கட்டிக் கண்ணி வைத்திருந்தாராம். வேறொன்றும் இல்லாத பன்னுக்குள், தன் குரலுக்கே தான் பதில் சொல்லிக்கொண்டு போயிருக்கிறது அது. விடியல் இருட்டில் எடுத்தபோது செத்திருந்ததாம்.

"நூலைக் கண்ட பிறகுதான் உங்கட எண்டு தெரிஞ்சது மச்சாள். அடுத்த ஆக்கள்ர வளர்ப்பை நாங்க தின்னேலுமா? ஒரு துண்டும் எடுக்காம உங்களுக்கே சமைச்சு வச்சன். காய்ச்சலோட கிடக்கிறீங்க, சொன்னா சாப்பிட மாட்டீங்க எண்டுதான் சொல்லல்ல. நல்ல ருசி எண்டு நீங்க சொன்ன பிறகுதான் எங்களுக்கும் மனம் ஆறிச்சு."

சேவலை உரித்துக் கொடுத்து நான் காட்டிய வழிதானே. கண்ணியும் நாங்கள் தொடங்கியது, குரலும் எங்கள் வீட்டுக் குரல். சரி மச்சாள் என்றேன். நூலை வாங்கிக்கொண்டேன். குசினிக்குள் போய் வாயில் விரலை விட்டு ஓங்காளித்தேன். நாலைந்து நாளுக்கு முன் தின்றது எங்கே வரப்போகிறது?

போன கிழமை வந்த சொந்தக்காரருக்கு இதில் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது, எங்கேயாவது கிடைத்தால் ஒரு கோல் எடுக்கச் சொன்னார். ஓம் என்றேன்.

அவர் போன மறுநாள் விடிய, வீட்டுக்காரரின் போனை எடுத்துக்கொண்டு பின்வேலிக்குப் போனேன். அந்தப் பதிவு இன்னும் அதில் கிடக்கிறது. முதல்முறையாகப் போட்டேன். முழுச் சத்தத்தில் கத்தியது. பன் அசையவில்லை. அடைகாத்து அதைப் பொரித்த சிவப்புப் பெட்டை மட்டும், கிழடாகிவிட்ட காலை இழுத்துக்கொண்டு கூட்டிலிருந்து இறங்கி வந்து, என் காலடியில் நின்று அங்கும் இங்கும் பார்த்தது. போனை நிறுத்தினேன். அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது.