அப்பாவைக் கேப்டனாக்கிய கதை

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு சாவிதான். அம்மா துணி தைக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கிளம்புகிற நேரத்தில் நைனா ஷிப்டு முடிந்து வருவார். வாசலில் சாவி கைமாறும், கூடவே நானும். "சோறு குக்கர்ல கீது. இவளுக்குத் தல வாரல." அவ்வளவுதான் அவர்கள் நடத்திய குடும்பம். எதிரில் இட்லி மாவு விற்கும் அக்கா சொல்லும்: "சூரியனும் சந்திரனும் குடித்தனம் பண்றா மாதிரி கீது. ஒண்ணு வந்தா ஒண்ணு எஸ்கேப்பு."

நைனாவுக்கு ஹார்பரில் வேலை. கப்பலில் அடுக்கிய கண்டெய்னர் பெட்டிகள் ஆடாமலிருக்க, இரும்புக் கம்பி போட்டு இறுக்குவார். ஐந்தாவது படிக்கும்போது, பெற்றோர் கூட்டத்துக்கு என் வீட்டிலிருந்து ஏன் ஒருவரும் வருவதில்லை என்று மிஸ் கேட்டார். அம்மாவுக்கு லீவு கிடையாது என்றேன். அது உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்கப்பா கப்பல் கேப்டன் மிஸ். ஆறு மாசத்துக்கு ஒரு தடவதான் வருவாரு."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்களே, அப்படிப் பொருந்திவிட்டது. மறுநாளே மிஸ் என்னைக் கிளாஸ் லீடராக்கி, சட்டையில் சிவப்பு பேட்ஜ் குத்தினார். குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவேன். எங்கள் வீட்டிலிருந்து யாரும் வரப்போவதில்லை, பேட்ஜுக்கு ஆயுசு கெட்டி என்று நம்பியிருந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பேருமே வந்துவிட்டார்கள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஷிப்டு மாற்றிக்கொண்டார்களாம். வாசலில் அதையெல்லாம் சொல்ல நேரம் ஏது? அம்மா புடவையெல்லாம் நூல் பிசிறோடு முன்கதவில் நுழைகிறாள். பின்கதவில் நைனா, ஆரஞ்சு ஜாக்கெட்டும் கையில் ஹெல்மெட்டுமாக.

"இன்னாயா, நீ எங்க இங்க?"

"அத நான் கேக்கணும்மே."

மிஸ் எழுந்தே நின்றுவிட்டார். "வாங்க கேப்டன் சார். எப்ப கரைக்கு வந்தீங்க?"

நைனா என்னைப் பார்த்தார். நான் அவர் ஹெல்மெட்டைப் பார்த்தேன்.

"கேப்டனா, இவுரா?" என்றாள் அம்மா. "காசிமேட்டுல மீன் போட்டுல ஏத்துனதுக்கே வாந்தி எடுத்த ஆளு மிஸ் இவுரு."

வகுப்பே சிரித்தது. நைனா மட்டும் நிதானமாகச் சொன்னார்: "கேப்டன் இல்ல மேடம். ஆனா நான் கட்டலன்னா கேப்டன் கெளம்ப மாட்டாரு."

மிஸ்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கை நீட்டினார். பேட்ஜைக் கழற்றிக் கொடுத்தேன்.

தெருவில் அம்மா என் வலது காதைப் பிடித்தபடியே நடந்தாள். இடப்பக்கம் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்த நைனா குனிந்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா வெள்ள சட்டயாவது போட்டுகினு வந்திருப்பேனே."

மூன்று பேரையும் ஒன்றாகப் பார்த்த மாவு அக்கா கரண்டியைக் கீழே வைத்தது. "இன்னாடி இது, பட்டப்பகல்ல கிரகணமா?"

ஆமாம். கிரகணம் எனக்குத்தான் பிடித்திருந்தது, வலது காதில்.