செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

"1961 தை 17, செவ்வாய். மழை இல்லை. பரமேஸ்வரி கஞ்சி கேட்டாள்." என் வயல் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு இருப்பது இவ்வளவுதான். என் மனைவி பரமேஸ்வரிக்கு வந்த நோயோடு ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக, விடுபட்டதை இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்து நாங்கள் நெல் விதைத்த நாலாம் வருடம். கார்த்திகையில் எங்கள் ஐந்து மாதக் குழந்தை காய்ச்சலில் இறந்தது. அதன்பின் என் மனைவி பேச்சையும் சாப்பாட்டையும் விட்டாள். சேலை இடுப்பில் நிற்கவில்லை.

வவுனியாவில் பார்த்த டாக்டர், மனச்சோர்வு நோய் (துக்கம் ஆறாமல் உறக்கத்தையும் பசியையும் ஒடுக்குவது) என்றார்.

"ஒரு மாதம் பாப்பம். உடம்பு இன்னும் இறங்கினா கொழும்பு மனநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேணும். எப்ப திரும்ப விடுவினம் எண்டு நான் சொல்லேலாது."

பயத்தில் எல்லா வேலையையும் அவளிடமிருந்து பறித்தேன். அயலவர் சமைத்துத் தந்தார்கள். அவளுடைய மண்வெட்டியைக்கூடக் கூரை வளையில் செருகி வைத்தேன். அன்பு என்று நினைத்துச் செய்தது. அவள் சுவரைப் பார்த்தபடி இன்னும் மெலிந்தாள்.

டாக்டரைப் பார்த்த பன்னிரண்டாம் நாள் காலை, பக்கத்து வயல் மனோன்மணி அக்கா எங்கள் வாசல் படலையில் நின்று கத்தினார். இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர்.

"பரமேசு! உன்ரை வரம்பு உடைஞ்சு, உங்கடை தண்ணி என்ரை வயலுக்கை பாஞ்சு, நான் நேற்றுப் போட்ட உரப் பசளை எல்லாம் கழுவுண்டு போகுது. நீ படுத்துக் கிடந்தா ஆரடி கட்டுறது?"

"நான் வாறன் அக்கா" என்றேன்.

"நீர் இரும் தம்பி, கொப்பியிலை குறிப்பு எழுதும். வரம்பு அவளின்ரை."

பரமேஸ்வரி எழுந்தாள். வளையிலிருந்து மண்வெட்டியை உருவிக்கொண்டு வயலுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். உடைந்த இடத்தில் அவள் மண்ணை வெட்டிப் போட்டாள்.

"உதென்ன, கோழி கிளறின மாதிரி?" என்றார் அக்கா.

"எனக்கு வரம்பு கட்டப் படிப்பிக்க வந்திட்டியளோ?"

இரண்டு மாதத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம். அன்று பின்னேரம் கஞ்சி கேட்டாள். கொழும்புக்கு அனுப்ப வேண்டி வரவில்லை.

குணமாகிவிட்டாள் என்று எழுத மாட்டேன். ஆறு வருடம் கழிந்தும், கார்த்திகை வந்தால் பால் கட்டியதுபோல மார்பு கனக்கிறது என்கிறாள். அவளுக்கு வருடம் அங்கேதான் தொடங்குகிறது. என் குறிப்பேட்டையும் இப்போது கார்த்திகையில்தான் தொடங்குகிறேன்.

சென்ற மாதம் பழைய பக்கங்களைப் புரட்டியபோதுதான் கண்டேன். வாய்க்கால் தண்ணீர் முறை எங்களுக்கு வியாழன். செவ்வாய் மனோன்மணி அக்காவுடையது. மழையும் இல்லாத அன்று எங்கள் வயலில் தண்ணீர் எப்படி நிறைந்தது? தன் பசளை போனாலும் போகட்டுமென்று, தன் தண்ணீரை எங்கள் வயலுக்குத் திருப்பி, வரம்பை அவரே வெட்டினாரா?

அக்கா போன ஆவணியில் இறந்துவிட்டார். பரமேஸ்வரியைக் கேட்டேன்.

"உடைஞ்சுதான் கிடந்தது" என்றாள்.

மண்வெட்டி வெட்டியதா, நண்டு துளைத்ததா என்பது இன்னும் உறுதிப்படவில்லை.