வடக்கே நகர்த்தாத கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் ஒரே பெட்டியில் வரவில்லை. என் கணவரின் தம்பி பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கடைக்கு ஒரு பாகமாக வாங்கி, பழைய செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு மைசூருக்குக் கொண்டுவந்தான். தொண்ணூறுகளின் கடைசி. அவன் மைசூரிலேயே ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பாய் விரித்து, பாகங்களை வரிசையாகப் பரப்பி, என் மாமியாரை அந்தப் பக்கமே நடக்கவிடாமல் மாலைக்குள் அதைப் பூட்டி முடித்தான். திரையில் எழுத்து வந்தபோது, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

எனக்கு அன்றன்று நடந்ததை எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. ஆனால் அந்த வருடம் தசராவுக்குப் பிந்தைய வாரங்களில் டைரி வெறுமையாகக் கிடக்கிறது. பகலெல்லாம் தட்டச்சு செய்த விரல்களுக்குப் பேனாவைத் தொட மனம் வரவில்லை. ஆகவே இதை நினைவிலிருந்துதான் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்பே நான் டைப்ரைட்டிங் ஹையர் தேறியவள். கம்ப்யூட்டர் வந்ததும் வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை செய்யலாம் என்று பக்கத்துத் தெருக்களில் சொல்லிவைத்தேன். முதலில் ஒரு பள்ளிக்கூடத்தின் வினாத்தாள் வந்தது, பிறகு ஒரு கல்யாணப் பத்திரிகை. மூன்றாவதாக வந்தவள்தான் அந்த ஆராய்ச்சி மாணவி.

ஊர் கௌதள்ளி, கொள்ளேகாலுக்கு அப்பால் மலைப்பக்கம். பட்டுப்புழுக்களுக்கு வரும் நோய்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. கணவனோடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு மாடி அறையில் குடியிருந்தாள். கையால் எழுதிய ஆய்வேட்டைத் துணிப்பையில் போட்டு, வயிற்றைத் தாங்கியபடி எங்கள் வீட்டுப் படியேறி வந்தாள். எட்டாம் மாதம்.

"ஒன்பது பொறந்ததும் அம்மா வந்து கூட்டிட்டுப் போயிருவாங்கக்கா. அதுக்குள்ள குடுத்துப்போடோணும்."

"குழந்தை பிறந்து, உடம்பு தேறி வந்து கொடுத்தாலும் எடுத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்குவாங்க. நாந்தான் வர மாட்டேன்." சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. "எங்கக்கா பி.எட். பாதில விட்டுட்டுப் பிரசவத்துக்கு வந்தவளுங்க. ரெண்டு மாசத்துல திரும்பிப் போறேன்னா. அவ மகன் இப்ப சைக்கிள் ஓட்டறான். புஸ்தகமெல்லாம் இன்னும் எங்கூட்டுப் பரண்லதான் கெடக்குது. எனக்கும் அதுதானுங்க பயம்."

அன்றே ஆரம்பித்தேன். தசராவுக்கு முன்பு இரண்டு அத்தியாயங்கள் தடங்கலின்றி முடிந்தன.

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். ஸ்கூட்டர், தையல் மிஷின், அரிவாள்மனை, என் கணவரின் ரயில்வே டூல் பாக்ஸ். அந்த வருடம் கம்ப்யூட்டரும் சேர்ந்துகொண்டது. மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, வெளியே கேபினெட்டில் பொட்டு வைக்கப்போனார். கொழுந்தன் தடுத்தான்.

"இரும்மா. இந்தத் தகரத்துக்கு வெச்சா ஆளுக்கு வெக்காம சட்டைக்கு வெச்ச மாதிரி. நிஜமான மிஷின் உள்ளதான் இருக்கு."

ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பக்கத்துத் தகட்டை எடுத்தான். மாமியார் உள்ளே எட்டிப்பார்த்து, "இதுல எதுடா சாமி?" என்றார். அவன் பிராசஸரைக் காட்டினான். அதன் மேல் அலுமினியத் தகடுகளும் அவற்றின் மேல் ஒரு சின்ன ஃபேனும் இருந்தன. பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஃபேனுக்கு மேலே ஓடும் ஒயரில் ஒரு முழத்துக்கும் குறைவான செவந்திச் சரத்தைச் சுற்றிப் போட்டார்கள். மஞ்சள் செவந்தி. கற்பூரம் காட்டிவிட்டுத் தகட்டை மூடினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் விஜயதசமி. ஜம்பூ சவாரி என்னும் யானை ஊர்வலம் பார்க்க இடம் பிடிக்க வேண்டும் என்று காலையிலேயே கிளம்பும் அவசரம். பூஜையில் வைத்த எதையும் வடக்குப் பக்கமாகச் சற்று நகர்த்தி வைத்தால்தான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. அதன்பிறகுதான் பூவை எடுக்கலாம். மாமியார் இதில் கண்டிப்பானவர். அரிவாள்மனையையும் டூல் பாக்ஸையும் தையல் மிஷினையும் நகர்த்தினோம். ஸ்கூட்டர் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறித் தானாகவே நகர்ந்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஏகப்பட்ட ஒயர்கள். "வந்து பாத்துக்கலாம்" என்றான் கொழுந்தன். அரண்மனைப் பக்கம் போய், வெயிலில் நின்று, யானையைப் பார்த்துவிட்டு, கால் வலியோடு திரும்பி வந்தோம். யாருக்கும் ஞாபகமில்லை.

முதல் சில நாட்கள் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு பிற்பகலில், மூன்றாம் அத்தியாயத்தின் நடுவில், திரை நீலமானது. நீலத்தில் வெள்ளை எழுத்துக்கள். எதை அழுத்தியும் போகவில்லை. அணைத்துப் போட்டேன், கொஞ்ச நேரம் ஓடி மறுபடி நின்றது. அரை மணிக்கு ஒரு தடவை சேமித்துவைப்பதுதான் அப்போது என் வழக்கம். கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு அடித்ததெல்லாம் போய்விட்டது.

சாயங்காலம் கொழுந்தன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் பெட்டியைத் திறந்தான். மெமரியைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பப் பொருத்தினான். போட்டான். ஓடியது.

"ஆய்த்து அண்ணி! இது ஒண்ணும் பெரிய விஷயமில்லை."

அடுத்த நாள் மதியம் மறுபடி நீலத் திரை. இந்தத் தடவை விண்டோஸ்தான் கெட்டிருக்கிறது என்றான். என் ஃபைல்களை ஃப்ளாப்பியில் எடுத்துவைத்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினான். போட்டான். ஓடியது. அடுத்த நாள் மதியம் நின்றது. பிறகு வைரஸ் என்றான். பிறகு பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடும்போது கரண்ட் குறைகிறது என்று ஒரு ஸ்டெபிலைசரை இரவல் வாங்கி வந்தான். ஒவ்வொரு மாலையும் அவன் கைபட்டதும் அது ஒழுங்காக ஓடும். அவன் ஹெப்பாளுக்குப் போனதும் எனக்கு மட்டும் நிற்கும்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. உங்க கையிலதான் ஏதோ இருக்கு, அல்வா?" என்றான். பேச்சில் கன்னடம் கலக்கும் அவனுக்கு 'அல்லவா' என்பது 'அல்வா'தான்.

"என் கையில சாம்பார் வாசனைதான் இருக்கு. நீ செஞ்ச பெட்டியிலதான் ஏதோ இருக்கு."

"சும்னே சொல்லாதீங்க. பெங்களூர்ல எவன் அசெம்பிள் பண்ணினாலும் இவ்ளோ சுத்தமா வராது."

என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "சண்டை போடுங்க. அதுக்கு நடுவுல குழந்தை பிறந்துடும்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தினமும் மத்தியானம் வந்து, நான் அடித்த பக்கங்களைத் திரையிலேயே சரிபார்ப்பாள். வரும்போதே என் முகத்தைப் பார்ப்பாள். நான் எதுவும் சொல்லாமல் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினால் நல்ல செய்தி. "உக்காரு, காபி போடறேன்" என்றால் அன்றைக்கு மறுபடி ஏதோ போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஒருமுறைகூடக் கோபப்படவில்லை. ஒருநாள் மட்டும் காபி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஊருக்குப் போன் பண்ணி, பத்து நாள் கழிச்சு வாங்கன்னு சொல்லட்டுங்களாக்கா?" என்று கேட்டாள். உடனே அவளே, "எங்கம்மா கேக்க மாட்டாங்க. அதுக்குமேல அந்த மலைப்பாதையில பஸ்ஸுல கூட்டிட்டுப் போக முடியாதும்பாங்க" என்றாள்.

வேறு கடையில் கொடுத்து அடித்துக்கொள் என்று சொல்ல என் வாய்வரை வந்தது. அவளிடம் அதைச் சொன்னால் அவள் மறுத்துவிடுவாள் என்று தெரிந்தும், சொல்ல நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது.

அப்போது அடித்துக்கொண்டிருந்தது புழுக்களின் படுக்கையைச் சுத்தம் செய்வது பற்றிய பகுதி. புழுக்கள் தட்டில் இலையின் மேலேயே கிடந்து, தின்று, கழிக்கும். பழைய இலையை எடுக்காவிட்டால் படுக்கை சூடாகி நோய் வரும். அந்தப் பகுதி இரண்டு தடவை அழிந்து போயிருந்தது. மூன்றாம் தடவை அடிக்கும்போது என் விரல்களுக்கு அது மனப்பாடம். அதனால் முதல்முறையாக என்ன அடிக்கிறேன் என்று யோசித்தேன்.

"பழைய இலையை எடுக்கலேன்னா ஏன் சூடாகுது?" என்று அவளைக் கேட்டேன்.

"அடைஞ்சு கெடக்குதுங்களே அக்கா. காத்து போகாது. மேல புது எல போட்டுட்டே இருப்பம், அடியில காய்ஞ்சது கெடக்கும். தட்டு அடிப்பக்கம் கைய வெச்சாலே தெரியும். வெளிய பாத்தா புழு நல்லாத்தான் மேயும். திடீர்னு ஒருநா படுத்துக்கும்."

வெளியே பார்த்தால் நன்றாக மேயும். திடீரென்று ஒருநாள் படுத்துக்கொள்ளும். நான் கையை நீட்டிக் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இஸ்திரி போட்டு முடித்த சட்டைபோல் வெதுவெதுப்பு. உடனே அணைத்தேன். அவள் பயந்துவிட்டாள். "மறுக்கா போயிருச்சுங்களா?"

"இல்லை, நானே நிறுத்தினேன்."

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. எங்கள் சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் பிறகு போட்டால் வெகுநேரம் ஓடுகிறது. நின்ற உடனே போட்டால் சீக்கிரம் நிற்கிறது. கொழுந்தன் மாலையில் திறந்து குடைந்துகொண்டிருக்கும்போதெல்லாம் அது ஆறிப்போகிறது. அதனால்தான் அவன் கைபட்டால் ஓடுகிறது. அவன் வந்ததும் இதைச் சொன்னேன். முகம் சுருங்கினாலும் பெட்டியைத் திறந்தான். அந்தப் பெண்ணும் அன்று போகாமல் கூடவே இருந்தாள்.

தகட்டை எடுத்ததும் முதலில் பூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு, காய்ந்து பழுப்பாகிவிட்ட செவந்திச் சரத்தை இரண்டு விரலால் மெல்லத் தூக்கி ஓரமாக வைத்தான். டார்ச் அடித்துப் பார்த்தான். "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று சொல்லி, சரத்தை மறுபடி எடுத்து அதே இடத்தில், ஃபேனுக்கு மேலே, பக்தியோடு வைத்தான்.

எனக்கு நம்பமுடியவில்லை. "ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் எடுத்து வெச்சியா?"

"பின்ன? பூஜைப் பூ, அண்ணி. கீழ போடறதா?"

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். சரத்தில் பாதிதான் பூ இருந்தது. மீதி வெறும் நார். "இதுல இருந்த பூவெல்லாம் எங்கீங்க?" என்றாள்.

கொழுந்தன் டார்ச்சை என்னிடம் கொடுத்தான். பிறகு ஃபேனின் நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றித் தூக்கினான். அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் செவந்தி இதழ்கள், ஃபேன் இழுத்து இழுத்து அடைத்தவை, மெத்தைபோல் அழுந்திக் கிடந்தன. ஓரங்கள் கருகியிருந்தன. கூடத்தில் ஊதுவத்திக் கடை வாசனை வந்தது.

பிரஷை எடுக்கப் போனேன். சமையலறையிலிருந்து வந்த மாமியார் வாசலிலேயே நின்று, "இருங்க. இதை வடக்கே நகர்த்தினீங்களா?" என்றார்.

கொழுந்தன் என்னைப் பார்த்தான், நான் ஒயர்களைப் பார்த்தேன்.

"அப்ப இதுக்கு இன்னும் பூஜை முடியலை. தசரா முடிஞ்சு ஊரே காலியாயிடுச்சு, நம்ம வீட்டுல மட்டும் நடந்துக்கிட்டே இருக்கு. பூஜையில உக்காந்த மிஷினை வேலை வாங்கினா அது எப்படிடா வேலை செய்யும்?"

"அம்மா, அது சூடு..."

"நீ சூடுன்னு சொல்லு, நான் இப்படிச் சொல்றேன். ரெண்டுக்கும் பூவைத்தானே எடுக்கணும்? நகர்த்து முதல்ல."

ஒயர்களையெல்லாம் கழற்றி, கொழுந்தனும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, அந்தப் பெட்டியை மேசைமேல் ஒரு சாண் வடக்கே நகர்த்தினோம். மாமியார் ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நைவேத்தியம் காட்டி, அதை அந்தப் பெண்ணின் வாயில் போட்டார். சரத்தை அவரே எடுத்துச் செம்பருத்திச் செடியின் அடியில் போட்டார். பிறகு பிரஷால் இதழ்களை வாரினோம். இடுக்கில் சிக்கியதைச் சைக்கிள் பம்ப்பால் அடித்து வெளியேற்றினோம். கொழுந்தன் பம்ப் அடிக்க அடிக்க மஞ்சள் தூள் பறந்தது. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். மாமியார் பயந்து அவளைப் பிடித்து உட்காரவைத்தார்.

அதற்குப் பிறகு அந்த ஆய்வேடு முடியும்வரை ஒருமுறைகூட நீலத் திரை வரவில்லை. காலையில் போட்டால் மாலை வரை ஓடும். என் கணவர் வேலையிலிருந்து வந்து காய் நறுக்கிக் கொடுத்தார். கொழுந்தன் அட்டவணைகளுக்குக் கோடு போட்டுக் கொடுத்தான். அதைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று அவனாகவே சொன்னான். முடிந்த அத்தியாயங்களை ஃப்ளாப்பியில் எடுத்துப் போய் அந்தப் பெண்ணின் கணவன் கடையில் பிரிண்ட் எடுத்து, பைண்டிங்குக்குக் கொடுத்தான்.

கௌதள்ளியிலிருந்து அவள் அம்மாவும் அண்ணனும் வந்த அன்று காலையில்தான் அவள் பல்கலைக்கழகத்தில் ஏட்டைக் கொடுத்தாள். மதியம் ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். "குடுத்துட்டேனுங்கக்கா" என்றாள். கூடத்திலிருந்த கட்டிலில் உட்கார்ந்தாள், சாய்ந்தாள், அப்படியே தூங்கிப்போனாள்.

சற்று நேரத்தில் அவள் அம்மா பைகளோடு வந்து சேர்ந்தாள். கொள்ளேகால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுப்பப் போனவள், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். "படிக்கப் போன பொறவு இவ இப்படித் தூங்கி நாம் பாக்கலீங்க" என்று என் மாமியாரிடம் மெதுவாகச் சொன்னாள். அண்ணன் வாசலில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். அவனையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தோம்.

எனக்கு அன்று அடிக்க வேறு வேலை இருந்தது. ஆனால் கம்ப்யூட்டரும் அதே கூடத்தில்தான். போட்டால் அதன் சத்தம் கேட்கும். போடவில்லை. எல்லோரும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டு, அந்த பஸ்ஸைப் போகவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம்.