பலெர்மோ அக்காவின் பன்னிரண்டாவது இடம்

செய்தி வந்தபோது நான் பவளத்தின்மீது கோபமாக இருந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று செவ்வாய்க்கிழமை. முதியோர் இல்லத்தில் காலை ஷிப்டை முடித்து, ஸ்ட்ரெதமில் பஸ் ஏறி, இரண்டு மணிக்கெல்லாம் லண்டன் நோர்பரியில் இருக்கும் என் விமான டிக்கெட் கடைக்கு வேலைக்கு வந்துவிடுவது அவர் வழக்கம். மூன்று மணியாகியும் ஆளைக் காணவில்லை. கொழும்புக்குப் போக இருந்த ஒருவர், எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தொலைபேசியில் பவளத்தின் பெயரைக் கண்டதும் எடுத்த எடுப்பில், "எங்கை நிக்கிறியள் பவளம்? இஞ்சை நான் தனியக் கிடந்து மாரடிக்கிறன்" என்று கத்தினேன். பேசியது அவருடைய மகன் கஜன். "மாமா, அம்மா பஸ்ஸுக்குள்ளையே விழுந்திட்டா. ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே... அம்மா இல்லை மாமா" என்றான். கடையில் நின்ற மனிதர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனது மட்டும் நினைவிருக்கிறது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கஜன் கேட்டான். இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் பவளராணியோடு இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போய் வந்தவர்கள். அவர் இயற்பெயர்கூட உங்களில் சிலருக்குத் தெரியாது. பலெர்மோ அக்கா என்றால்தான் தெரியும். அவருடைய நல்ல குணங்களைப் பட்டியல் போட எனக்கு வராது. எனக்குள்ளே கிடந்து குத்துகிற ஒன்றைச் சொல்கிறேன். சிசிலியில் அவர் பார்க்க ஆசைப்பட்ட இடங்கள் பன்னிரண்டு. பதினொன்றைப் பார்த்தார். மிச்சம் ஒன்றைப் பார்க்காமலே போனதற்குக் காரணம் நான்.

நாலு வருடங்களுக்கு முன்பு ஒருநாள் கடைக்குள் வந்து, எங்கள் சனத்தைச் சேர்த்து சிசிலிக்கு ஒரு சுற்றுலா கொண்டுபோக ஏலுமோ என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். "தங்கச்சி, எங்கட ஆக்கள் பாரிசுக்குப் போவினம், சுவிசுக்குப் போவினம். சொந்தக்காரர் இருக்கிற இடமெண்டாத்தான் வெளிக்கிடுவினம். சிசிலியிலை ஆர் இருக்கினம்?" என்றேன். "நான் இருந்தனான்" என்றார். பத்தொன்பது வருடம் பலெர்மோவில் வீடுகள் துடைத்திருக்கிறார். "பத்தொன்பது வருஷமும் நான் பாத்தது நிலம்தான் அண்ணை. மாபிள் நிலம், ஓட்டு நிலம், பலகை நிலம். வேறை ஒண்டும் பாக்கேல்லை." ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றத் தமிழ்ச் சனத்தோடு சேர்ந்து சாந்தா ரொசாலியா என்ற கிறிஸ்தவப் புனிதையின் மலைக்கோயிலுக்கு ஏறியதைத் தவிர, அந்த ஊரைவிட்டு அவர் வெளியே போனதே இல்லையாம்.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே பழைய கலண்டர் ஒன்றின் பன்னிரண்டு தாள்கள், வெளியே எடுக்கவில்லை. மாதத்துக்கு ஒன்றாக சிசிலியின் பன்னிரண்டு இடங்கள். அவருடைய கணவர் சிவநேசன் வேலை செய்த வீட்டுக்காரி ஒரு நத்தார்ப் பண்டிகைக்குக் கொடுத்தது. வருடம் முடிந்த பிறகும் சிவநேசன் அதை எறியவில்லை. அவர்கள் இருந்த ஒற்றை அறையின் சுவரில் பன்னிரண்டையும் ஒட்டி வைத்திருந்தாராம். வதிவிடப் பேப்பர் வரட்டும், பாப்பம் என்பாராம். பேப்பர் வந்ததும், லீவு வரட்டும், பாப்பம். லீவு வருமுன் கஜனை ஆங்கிலத்தில் படிக்கவைக்க வேண்டுமென்று லண்டனுக்கு வந்துவிட்டார்கள். வந்த முதல் குளிரிலேயே சிவநேசன் காலமானார். "அந்த மனுசன் பாக்காததை நான் பாக்கவேணும்" என்றார் பவளம். இவ்வளவையும் வாடகை வீட்டில் தண்ணீர் ஒழுகுவதைக் கவுன்சிலுக்குச் சொல்கிற குரலில் சொன்னார். நான்தான் மூக்கை உறிஞ்சினேன்.

அப்படித்தான் அந்தத் துண்டுப்பிரசுரம் வந்தது. 'சிசிலியில் கட்டாயம் பார்க்கவேண்டிய பன்னிரண்டு இடங்கள்.' வருடத்துக்கு நாலு, மூன்று வருடத்தில் பன்னிரண்டு. வழி போடுவதில்தான் எங்களுக்குள் முதல் சண்டை. வரைபடத்தைப் பார்த்து ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கத்தில் முடிப்பதுதானே முறை? அவருக்குக் கலண்டர்தான் முறை. ஜனவரி செஃபலு, வடக்குக் கரையில். பெப்ரவரி பனி மூடிய எட்னா, கிழக்கே. மார்ச் மொன்றியாலே, திரும்பவும் மேற்கே. ஏப்ரல் தவோர்மீனா, மறுபடி கிழக்கே. கோச் சாரதி தலையில் அடித்துக்கொண்டார். பவளம் பலெர்மோச் சந்தைப் பாஷையில் அவரிடம் என்னவோ சொன்னார். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார், அதன்பிறகு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். "புருஷன் காட்டின வழி, மாத்த ஏலாது எண்டு சொன்னன்" என்றார்.

அவர் இடம் பார்த்த விதம் உங்களுக்கு நினைவிருக்கும். இறங்கியதும் அந்த மாதத்துத் தாளை மட்டும் உறையிலிருந்து எடுப்பார். கையை நீட்டிக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, படமும் காட்சியும் ஒன்றாக வரும்வரை நடப்பார். படம் பிடித்தவன் நின்ற இடத்தில் தானும் நிற்கவேண்டும். தவோர்மீனாவில் அந்தக் கல் அரங்கின் படிகளில் அவர் ஏறி இறங்க, முப்பது பேரும் கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் அக்கா!", "இல்லையில்லை, கடல் கூடத் தெரியுது, கீழை இறங்குங்கோ!" என்று கத்தினீர்கள். இடம் சரியாக அமைந்ததும் அசையாமல் நிற்பார். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு தாளின் ஓரத்தில் பென்சிலால் திகதியை எழுதி, "சரி, பாத்தாச்சு" என்பார். அந்த ஒரு நிமிடத்தில் அவருக்குப் பக்கத்தில் யாரோ நிற்பதாகவே எனக்குத் தோன்றும். நான் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அக்ரிஜெந்தோவில் நடந்ததை எழுதாமல் விட்டால் நீங்களே என்னோடு சண்டைக்கு வருவீர்கள். கிரேக்கர் கட்டிய பழைய கோயில்கள், இப்போது பூசை கிடையாது, தூண்கள்தான் நிற்கின்றன என்று நான் கோச்சில் மைக் பிடித்துச் சொன்னேன். யார் கேட்டார்கள்? முதல்நாளே மீன் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். விடிய முழுகி, பெண்கள் சேலையும் ஆண்கள் வேட்டியுமாக வந்து நின்றார்கள். பிளேஸ்டோவிலிருந்து வந்த ஒரு அம்மா ஒரு தட்டில் வாழைப்பழமும் தோடம்பழமும் வைத்திருந்தார். "கோயில் எண்டால் வெறுங்கையோட போறதே தம்பி?" கயிறு கட்டிய இடத்தில் அவர் செருப்பைக் கழற்ற, பின்னால் வந்த முப்பது பேரும் கழற்றினார்கள். யூலை மாதத் தாளுக்கு யூலையிலேயே போயிருந்தோம், கல் கொதித்தது. காவலாளி ஓடி வந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவர்களைத் தடுங்கள் என்று பவளத்திடம் சொன்னேன். அவர் குனிந்து தன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "எத்தினை காலமா ஒருத்தரும் கும்பிடாமல் இந்தச் சாமியள் நிக்கினம் அண்ணை. இண்டைக்காவது கும்பிடட்டுமே." காவலாளிக்கும் ஒரு வாழைப்பழம் கிடைத்தது.

நான் வேறு ரகம். ஒவ்வொரு பயணத்துக்கும் முதல்நாள் பிள்ளையார் கோயிலில் ஒரு தேங்காய் உடைப்பேன். மழை கூடாது, முகில் கூடாது, வெயில் வேண்டும். வெயில் இல்லாவிட்டால் சனம் என்னைத்தான் திட்டும். "லண்டனிலை உடைக்கிற தேங்காய்க்கு சிசிலியிலை வெயில் எறிக்குமோ?" என்று அவர் கேலி செய்வார். எறிக்கவும் செய்தது. மூன்றாம் பயணத்தின் கடைசி நாள்வரை எறித்தது.

அது இந்த வருடம், சித்திரை கழிந்து சில நாட்களில். காலையில் திராப்பானியின் உப்பளங்களைப் பார்த்தோம், நவம்பர் முடிந்தது. மிச்சம் டிசம்பர். எரிச்சே என்கிற மலையூர், திராப்பானிக்கு நேர் மேலே. அண்ணாந்து பார்த்தேன். மலையின் உச்சியே இல்லை. முகில் அப்படியே மூடிக் கிடந்தது. மாலையில் விமானம். கோச்சுக்குள் முழங்கால் நோவுக்காரர் முனகத் தொடங்கிவிட்டார்கள். சிலர் பலெர்மோவில் கடைகளுக்குப் போக நேரம் கேட்டார்கள். நான் முன்னால் நின்று, "மேலை போய் என்ன பாக்கிறது? முகிலைத்தான் பாக்கவேணும். திரும்புவம்" என்றேன்.

பவளம் முன் இருக்கையில் இருந்தார். உறை மடியில் இருந்தது. "முகில் எண்டாலும் பரவாயில்லை அண்ணை" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நான் அவர் முடிக்குமுன், "ஒண்டும் தெரியாது பவளம், சும்மா ஏறி இறங்கிற வேலை" என்று வெட்டினேன். நாலு பேர் முன்னால் என்னை எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை அவர். உறையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "சரி, அடுத்தமுறை பாப்பம்" என்றார். சிவநேசனின் 'பாப்பம்' அது. அப்போது என் காதில் அது விழவில்லை. கோச் திரும்பியது. அன்று பலெர்மோவில் நான் இரண்டு சப்பாத்துக்கடைகள் ஏறி இறங்கினேன். ஒன்றும் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு நாலு மாதம் அவர் என்னோடு அதே மேசையில் இருந்து வேலை செய்தார். ஒருநாள்கூட எரிச்சேயைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போனவாரம் கஜன் கடைக்கு வந்தான். முப்பது வயதை நெருங்குகிற பிள்ளை. தாயைப் போலவே அழாமல் நின்றான். உறையை மேசையில் வைத்து, "இதை நீங்கள் வச்சிருங்கோ மாமா. அம்மா உங்களோடைதான் எல்லாம் பாத்தவா" என்றான். 'எல்லாம்' என்ற சொல்லைக் கேட்டு உறையைத் திறந்தேன். ஒவ்வொரு தாளாக எடுத்தேன். மூன்று வருடத்தில் நான் தாள்களின் பெயரைத்தான் கேட்டு வழி போட்டிருக்கிறேன். படத்தை அவர் அந்தந்த இடத்தில்தான் வெளியே எடுப்பார். பதினொரு தாள்களின் ஓரத்திலும் பென்சில் திகதி. பன்னிரண்டாவதில் இல்லை. டிசம்பர் படத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

படம் முழுக்க முகில். வெள்ளையாக, தாளின் விளிம்புவரை. நடுவில் ஒரு கோபுரத்தின் அரைவாசி, இருக்கிறதோ இல்லையோ என்பதுபோல. முன்னால் ஈரமான கல் பாதை. அவ்வளவுதான். எரிச்சேக்குப் போகிறவர்கள் அந்த முகிலைப் பார்க்கத்தான் போகிறார்கள் என்று கஜன் தன் போனில் தேடிக் காட்டினான். படமும் காட்சியும் ஒன்றாக வரவேண்டுமென்றால் அன்று போயிருக்கவேண்டும். எந்த வெயில்நாளிலும் அது வந்திராது. அவர் அதைத்தான் எனக்குச் சொல்லப் பார்த்தார். நான் கடைக்குள் இருந்து அழுதேன். கஜன் எழுந்து கதவில் தொங்கிய அட்டையை மூடியிருக்கிறது என்ற பக்கம் திருப்பிவிட்டு வந்து என் தோளில் கை வைத்தான்.

அன்னாரின் ஆத்மா சாந்தியடையட்டும் என்று எழுதி முடிப்பதுதான் வழக்கம். எனக்குக் கை வரவில்லை. பவளம், உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது திகதி இல்லாத அந்த ஒரு தாளை மட்டும்தான். மற்றப் பதினொன்றையும் கஜனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவை நீங்களும் உங்கள் மனுசனும் பார்த்தவை. டிசம்பரில் நானும் கஜனும் எரிச்சேக்குப் போகிறோம். கோச் இல்லை, மைக் இல்லை. கையை நீட்டித் தாளைப் பிடித்துக்கொண்டு இடம் தேடவேண்டியது நான். திகதி எழுதவேண்டியது உங்கள் பிள்ளை.

புறப்படுவதற்கு முதல்நாள் பிள்ளையாருக்கு வழமைபோல ஒரு தேங்காய் உடைப்பேன். இந்தமுறை முகில் கேட்டு.