ஏழு பத்துக்குச் சோறு

இசக்கிச்செல்விக்கு வயது நாற்பத்து மூன்று. கோவில்பட்டியில் எனக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டுப் புறவாசலுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான் உண்டு. தீப்பெட்டி ஆபீசில் பெட்டிக்குள் குச்சி அடைக்கும் வேலையை இருபத்தொரு வருடமாகப் பார்க்கிறாள். கணவர் சங்கிலிப்பாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரே மகள் இந்துஜா திருநெல்வேலியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள்.

போன ஐப்பசி மழையில், சங்கிலிப்பாண்டி குடித்துவிட்டு ஓட்டியதில் எட்டயபுரம் சாலையில் வண்டி ஓடைக்குள் சரிந்தது. பதினெட்டு மூட்டை நிலக்கடலை தண்ணீரில். அவருக்கு இடது தோளில் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, திருச்செந்தூருக்கு மாலை போட்டு நடக்கப்போவதாக அவராகவே சொன்னார். நாற்பத்தெட்டு நாள் விரதம். கறி மீன் கிடையாது, குடி கிடையாது. இந்த நாற்பத்தெட்டு நாளைத் தாண்டிவிட்டால் மனிதர் தப்பித்துவிடுவார், இதிலும் தவறினால் இனி அவரை நிறுத்த வேறு எதுவும் இல்லை என்று இசக்கிச்செல்வி நினைத்தாள். அதை என்னிடம் சொல்லவும் செய்தாள்.

மாலை போடுவதற்கு முதல் நாள் அவள் சுவரருகே வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, ஒங்க கடிகாரம் சரியா ஓடும்லா?"

"ஓடும். என்ன விஷயம்?"

"அவிய குடிக்கணும்னு போறதில்ல அண்ணாச்சி. பசிச்சுப் போறாவ. ஏழு மணிக்கு வண்டிய நிப்பாட்டி, ஏழு பத்துக்கு வீட்டுக்குள்ள வாராவ. நானே ஆறரைக்குத்தான் வந்திருப்பேன். அடுப்புல ஒண்ணும் இருக்காது. ஒரு வடையத் தின்னுட்டு வந்துருதேன்னு போவாவ. அம்புட்டுத்தான். வடைக்குப் போன ஆளு கடை சாத்துனப்பொறவு வரும்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நான் வாசல்ல கால் வச்சதுல இருந்து சோத்த எறக்கி வைக்கது வரைக்கும் எத்தன நிமிஷம் ஆகுதுன்னு எழுதித் தாங்க. எங்கன நேரம் போகுதுன்னு எனக்குத் தெரியணும்."

நான் நூற்பு மில்லில் முப்பத்து நான்கு வருடம் டைம் கீப்பராக இருந்தவன். அதனால்தான் என்னிடம் கேட்டாள். சரி என்றேன். ஆனால் அது நடக்கக்கூடிய காரியமாக எனக்குத் தோன்றவில்லை. மினி பஸ் அவளைத் தெருமுனையில் இறக்கி, வீட்டுக்குள் நுழையும்போது மணி ஆறு முப்பத்து நான்கு. கையில் இருப்பது முப்பத்தாறு நிமிடம். விரத வீட்டில் அடுப்புத் தொடும் முன் தலைக்குக் குளிக்க வேண்டும். காலையில் வடித்த சோற்றை மாலை போட்டவருக்கு வைக்கக் கூடாது. அதுவரை அவசரத்துக்குக் கைகொடுத்த முட்டையும் கருவாடும் இனி கிடையாது. பூண்டும் வெங்காயமும் மட்டும் சேர்க்கலாம் என்று அவர்களுடைய குருசாமி அனுமதி தந்திருந்தார்.

முதல் நாள் சாம்பார், ஒரு பொரியல். ஐம்பத்து மூன்று நிமிடம் ஆனது. சங்கிலிப்பாண்டி மாலையும் பச்சை வேட்டியுமாகப் பலகையில் உட்கார்ந்திருந்தார். பதினேழு நிமிடத்தில் மூன்று தடவை எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினார். மூன்றாவது தடவை செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் சாம்பார் இறங்கியது.

மறுநாள் காலை சீட்டைக் கொடுத்தேன். குளியல் எட்டு, அரிசி களைந்து வைத்தது மூன்று, காய் நறுக்கியது பதினான்கு என்று வரிசையாக எழுதியிருந்தேன். நின்றபடியே வாசித்தாள்.

"இந்தப் பதினாலுதான் திருடன்" என்றாள். "பிடிச்சிருவோம்."

அன்று மாலையிலிருந்து மினி பஸ்ஸில் வேலை நடந்தது. தீப்பெட்டி ஆபீசிலிருந்து வீட்டுக்கு இருபத்திரண்டு நிமிடப் பயணம். மடியில் ஒரு மஞ்சள் பையை விரித்துச் சின்ன வெங்காயம் உரிப்பாள், முருங்கைக்கீரை ஆய்வாள். கூட வருகிற பெண்கள் ஆளுக்கொரு கை அள்ளிக்கொள்வார்கள். பக்கத்து இருக்கை காளீஸ்வரி, "எங்க வீட்டு ஆளுக்கும் ஒரு மாலையப் போட்டு விடணும், நீ வந்து உரிச்சுக் குடு" என்பாளாம். இறங்கும்போது எல்லாம் தயாராகப் பைக்குள் இருக்கும், வீட்டில் கழுவ வேண்டியது மட்டும்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமைகளில் எள்ளுப்பொடி, கொள்ளில் செய்யும் காணப்பொடி, பருப்புப்பொடி மூன்றையும் இடித்து வைத்தாள். பசுவந்தனையில் இருக்கும் நாத்தனார் கொடுத்தனுப்பிய மிதுக்க வத்தலும் சீனியவரை வத்தலும் டப்பாவில் இருந்தன. வத்தலை நறுக்க வேண்டியதில்லை. எண்ணெயில் போட்டால் பொரியும், புளிக்குழம்பில் போட்டால் காயாகிவிடும்.

இரண்டாம் நாள் நாற்பத்து நான்கு நிமிடம். மூன்றாம் நாள் முப்பத்து ஒன்பது. நான்காம் நாள் முப்பத்து ஏழு. ஐந்தாம் நாள் முப்பத்து மூன்று. ஏழு மணி ஏழு நிமிடத்துக்குத் தட்டு தரையில் இருந்தது. அவர் ஏழு பத்துக்கு உள்ளே வந்து கால் கழுவி நேராக அதன் முன் உட்கார்ந்தார். வாசல் பக்கம் தலை திரும்பவில்லை.

இன்று குதிரைவாலிச் சோறும் வத்தல் புளிக்குழம்பும். நாளை கூட்டாஞ்சோறு. மறுநாள் ரசமும் காணத் துவையலும். ஒரே நாளில் இரண்டு அடுப்புக்கு மேல் அவள் பற்றவைத்ததில்லை. அதிகம் செய்தது உளுந்தஞ்சோறு. அதை இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். தோல் நீக்காத தொலி உளுந்து அரை டம்ளரை வாசம் வரும்வரை வறுத்து, ஒரு டம்ளர் அரிசியோடு சேர்த்துக் கழுவ வேண்டும். உரித்த பூண்டு பத்துப் பல், சீரகம் ஒரு கரண்டி, வெந்தயம் கால் கரண்டி, தேங்காய்த் துருவல் ஒரு பிடி, உப்பு, நான்கு டம்ளர் தண்ணீர். குக்கரில் நான்கு விசில். ஆவி அடங்கும் நேரத்தில் எள்ளுப்பொடியோடு புளி, உப்பு, தேங்காய் வைத்து அரைத்தால் துவையல் முடிந்தது. அடுப்பு பற்றியதிலிருந்து பதினெட்டு நிமிடம்.

டம்ளர் என்று எழுதியது நமக்காக. அவள் டம்ளரைத் தொடுவதில்லை. கையால் அள்ளுவாள். இது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் என் தராசை எடுத்துச் சுவரில் வைத்து, மூன்று பிடி அரிசி அள்ளிப் போடச் சொன்னேன். இருநூற்றுப் பன்னிரண்டு கிராம். திருப்பிக் கொட்டிவிட்டு இன்னொரு முறை போடச் சொன்னேன். இருநூற்றுப் பதினான்கு. மூன்றாவது முறை இருநூற்றுப் பதினொன்று.

"எப்படிம்மா?" என்றேன்.

"பெட்டிக்கு நாப்பது குச்சி அண்ணாச்சி. எண்ணிக்கிட்டா இருக்க முடியும்? ஒரு பிடி பிடிச்சா நாப்பது இருக்கும். அரிசி என்ன, குச்சி என்ன." ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் தராசையே பார்த்துக்கொண்டு நின்றேன். மில்லில் ஆயிரத்துச் சொச்சம் பேர் வேலை செய்வதைக் கடிகாரத்தோடு பார்த்தவன் நான். இப்படி ஒரு கையை அங்கே பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் சிக்கல் வந்தது. அவளுக்கு மாதவிலக்கு. மாலை போட்டவருக்கு அந்த மூன்று நாள் அவள் சமைக்கக் கூடாது, அடுக்களைக்குள்ளும் வரக் கூடாது. நாத்தனாரை அழைக்கலாம் என்றால் பசுவந்தனையில் உளுந்து அறுப்பு, ஆள் அசைய முடியாது. சங்கிலிப்பாண்டியோடு மாலை போட்ட சுடலைக்குமார், மூன்று நாளும் பக்தர்கள் தங்கும் மடத்தில் தன்னோடு வந்து சாப்பிடச் சொன்னான். சுடலைக்குமார் சில நாள் இருட்டியதும் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய் வருகிறவன் என்பது தெருவுக்கே தெரியும்.

இசக்கிச்செல்வி கணவருக்குப் போன் போட்டு ஆறரைக்கே வரச் சொன்னாள். அவர் வந்ததும் புறவாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாமி, இன்னைக்கு நீங்கதான் பொங்குதீய. நான் இங்கன இருந்து சொல்லுதேன்."

மாலை போட்டவரை மனைவியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும்.

"எனக்கு வெந்நி வைக்கவே தெரியாதுட்டி" என்றார் சாமி.

"அலமாரித் தட்டுல இடது பக்கம் ரெண்டாவது டப்பா. உளுந்த எடுங்க."

"எந்த இடது?"

"வண்டில கிளீனர் உக்காருவான்லா, அந்தப் பக்கம்."

டப்பா திறக்கிற சத்தம் கேட்டது.

"வறுங்க சாமி. வாசம் வரும். வந்ததும் அரிசியோட சேத்துக் கழுவுங்க."

மூன்று நிமிடம் போயிற்று.

"ஒரு வாசமும் வரலயே."

"அடுப்பப் பத்த வச்சீயளா?"

கொஞ்சம் பொறுத்துத் தீக்குச்சி உரசும் சத்தம் வந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குக்கரை மூடியதும், நான்கு விசில் வந்ததும் அணைக்கும்படி சொன்னாள். அவர் உரக்க எண்ணினார். நான்கு என்றதும் அணைத்து, ஆவி அடங்கித் திறந்தால் அரிசி நறநறவென்று இருந்தது. நான்கு வந்ததே, எண்ணினேனே என்று அவர் சாதித்தார். அவர் சொன்னதிலும் பொய்யில்லை. அதே நேரத்தில் என் அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அந்த நான்கில் இரண்டு என் குக்கருடையவை. சுவரருகே போய் ஒப்புக்கொண்டேன்.

"அண்ணாச்சி வீட்டு விசில எண்ணி நம்ம வீட்டுச் சோத்த எறக்கியிருக்கீய" என்றாள் அவள். "மூடி வையுங்க. இன்னும் ரெண்டு."

சோறு இறங்க ஏழு இருபத்தாறு. பதினாறு நிமிடத் தாமதம். ஆனால் அவர் வாசல் பக்கம் ஒரு தடவைகூடப் போகவில்லை, போக நேரமில்லை. மறுநாளிலிருந்து நான் ஆறு மணிக்குள் என் சமையலை முடித்துக்கொண்டேன். அவர் அடுத்த இரண்டு நாளும், தை மாதத்தில் மீண்டும் அந்த நாட்கள் வந்தபோதும், நேரத்துக்குள் சோற்றை இறக்கினார்.

கடைசி மூன்று நாள் நடைபயணம். ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் கழித்தால் அதுவரை வேலை நாள் சாயங்காலங்கள் முப்பத்தாறு. முதல் நான்கு நாளும் விசில் தவறிய நாளும் போக, முப்பத்தொரு நாள் ஏழு பத்துக்கு முன் சோறு தயார். நாள் முழுக்க நின்று குச்சி அடைத்துவிட்டு வந்து இதைச் செய்தாள். சராசரி முப்பத்திரண்டு நிமிடம். இந்தக் கணக்கை நான் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.

தைப்பூசம் முடிந்து, திருச்செந்தூரிலேயே மாலையைக் கழற்றிவிட்டு, மறுநாள் ஊர் வந்தார்கள். உண்மையான சோதனை அன்றுதான். மாலை கழற்றி ஊர் திரும்பிய அன்று, கூட நடந்தவர்கள் சேர்ந்து கறிச்சோறு தின்பது வழக்கம். கறியோடு குடியும் இருக்கும். ஆறு நாற்பத்து நான்குக்குச் சுடலைக்குமார் பைக்கோடு வாசலில் நின்றான்.

"ஏலே பாண்டி, இனி என்னலே சாமி வேஷம். ஏறு. புதூர் ரோட்டுத் தோட்டத்துல ஆடு வெட்டியாச்சு."

சங்கிலிப்பாண்டி உள்ளே திரும்பிப் பார்த்தார். இசக்கிச்செல்வி அப்போதுதான் குளித்துவிட்டு வந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"போயிட்டு வாங்க" என்றாள்.

பைக் போனது. நான் சுவரருகே வந்தேன். "போகாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"இம்புட்டு வருசமா சொல்லிப் பாத்தேன்லா. கேட்டாவளா?" அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். ஆறு ஐம்பது. ஏழு எட்டுக்கு உளுந்தஞ்சோறு இறங்கியது. ஏழு பத்துக்குத் தட்டை வைத்து, மேலே இன்னொரு தட்டால் மூடினாள். பக்கத்தில் உட்கார்ந்து மறுநாளைக்குப் பூண்டு உரித்தாள். ஏழு இருபது. ஏழு முப்பது. எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

ஏழு முப்பத்து நான்குக்கு ஒரு ஷேர் ஆட்டோ தெருமுனையில் நின்றது. சங்கிலிப்பாண்டி தனியாக நடந்து வந்தார். நடை நேராக இருந்தது.

"என்ன, அதுக்குள்ள வந்துட்டீய?"

"கறி வேக எட்டரை ஆகும்ங்கானுவ. அதுவரைக்கும் தம்ளரக் கையில குடுத்து உக்காருங்கானுவ. ஏழு பத்து ஆனதும் எனக்கு வயிறு இரைய ஆரம்பிச்சிட்டு. அங்க இருக்கவே முடியல." கால் கழுவினார். "என்ன வச்சிருக்க, போடு."

அவள் தட்டைத் திறந்தாள். அவர் தின்று முடிக்கும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். நானும் உள்ளே வந்துவிட்டேன். நாற்பத்தெட்டு நாள் அவள் சோறு மட்டும்தான் பொங்கினாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதனின் பசியையே அவள் பிடித்து ஒரு மணிக்குக் கட்டிப்போட்டிருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு இன்றுவரை ஐம்பத்திரண்டு வேலை நாட்கள். ஐம்பது நாள் அவர் வந்திருக்கிறார். இரண்டு நாள் வரவில்லை. இரண்டாவது தடவை, பங்குனி எட்டாம் தேதி, நேரம் எழுதும் என் நோட்டில் அந்த நாளின் வரியை வெற்றாக விட்டுவிட்டேன். மறுநாள் காலை அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

"நேத்தைக்கு எழுதலையா அண்ணாச்சி?"

"எழுத மனசு வரலம்மா."

"எழுதுங்க. அவிய வரலன்னா வரலன்னு எழுதுங்க. நான் ஆறு அம்பதுக்கு அடுப்பப் பத்த வச்சேன்லா, ஏழு ஏழுக்கு எறக்குனேன்லா, அதையும் எழுதுங்க."

மினி பஸ் ஹாரன் கேட்டது. மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் உட்கார்ந்து இரண்டையும் எழுதினேன்.